வலது காலை வைத்து வரச் சொன்ன கம்பெனி

விசுவாசம் என்ற சொல்லை எந்த முதலாளியின் வாயிலிருந்து கேட்டாலும் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சொல்லின் மேல் குற்றமில்லை. சனிக்கிழமை தவறாமல், வேலை முடிகிற நேரம் பார்த்து, அந்தச் சொல்லை ஒருவர் சபுராக்காவின் முகத்தில் விட்டெறிந்துகொண்டிருந்தார். அக்காவும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். பக்கத்தில் துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஆறாமலே எழுதுகிறேன்.

சபுரா பீவி கொமரலிங்கத்துக்காரர். அப்பா அமராவதிக் கரை வயல்களுக்கு வண்டி ஓட்டியவர். திருப்பூரில் பனியன் கழிவுத் துணி வாங்கி விற்ற நஜீமுதீனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பிள்ளை உண்டாவதற்கு முன்பே காய்ச்சலில் நஜீமுதீன் போய்விட்டார். அண்ணன்மார் வந்து ஊருக்குக் கூப்பிட்டார்கள். அக்கா போகவில்லை. "அங்க வந்தா அண்ணிமாருக்குச் சமைச்சுப் போட்டுட்டுக் கெடக்கோணும். இங்க செஞ்சா வேலைன்னு சொல்லிக் கூலியாச்சும் குடுப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

அவர் வேலைக்குச் சேர்ந்ததும், பின்னால் நான் சேர்ந்ததும் ஒரே இடம். ரயில் பாதைக்கு வடக்கே ஓட்டுக் கூரை போட்ட நீளமான கட்டடம். வாசலில் பெரிய புளியமரம். ஊரில் அதற்குப் புளியமரத்துக் கம்பெனி என்று பெயர். போர்டில் வேறு பெயர் இருக்கும். அது என்ன பெயர் என்று கேட்டால் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் மேல் பழி சொல்லாதீர்கள், காரணம் இருக்கிறது.

முதலாளி ஈஸ்வரமூர்த்தி நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். ஓரிரு வருடத்துக்கு ஒரு முறை அவர் கம்பெனியின் பெயரை மாற்றுவார். முதலில் அவர் அம்மா பெயர் இருந்தது. பிறகு குலதெய்வத்தின் பெயர். அப்புறம் மூத்த மகள், இளைய மகள். மாற்றுகிற நாளில் போர்டுக்கு மஞ்சள் துணி போர்த்தி, ஐயரை வைத்துப் பூசை செய்து, நல்ல நேரம் பார்த்து எங்களை வரிசையாக உள்ளே வரச் சொல்வார். வாசலில் ஆளுக்கொரு பூவும் கொஞ்சம் கல்கண்டும் கிடைக்கும். வலது காலை வைத்துப் படியேற வேண்டும். பெண்கள் வரிசைக்கு முதல் ஆளாகச் சபுராக்கா போவார். செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்து, வாய்க்குள் பிஸ்மில்லா சொல்லி, வலது காலை வைத்துப் போவார். முதலாளியின் சாமி, அவர் நம்பிக்கை, நாம் மரியாதை கொடுக்க வேண்டும் என்பது அக்காவின் எண்ணம். எங்களுக்கும் அது ஜோசியக்காரன் சொன்ன ஏதோ பரிகாரம் என்றுதான் நினைப்பு.

மடிப்புப் பிரிவில் வாய் நீண்டவள் ரங்காத்தாள். அவள் மட்டும் ஒவ்வொரு முறையும் கல்கண்டைக் கடித்துக்கொண்டே, "ஒரே ஊட்டுக்கு எத்தன தடவ தானுங்க்கா கண்ணாலம் கட்டிட்டு வர்றது?" என்பாள். எல்லோரும் சிரிப்போம். சிரித்ததோடு சரி, யோசிக்கவில்லை.

மடிப்புப் பிரிவு என்றால் பெண்கள் பிரிவு. தைத்து வருகிற பனியனில் நூல் பிசிறு வெட்டி, கறை, ஓட்டை பார்த்து, மடித்து, டஜன் கட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். சபுராக்கா அதற்குச் சூப்பர்வைசர். சிறு கத்தரிக்கோல் ஒன்றை நாடாவில் கோர்த்து இடுப்பில் தொங்கவிட்டிருப்பார். அவருக்கு வாய்த்த கூட்டத்தைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சுத்த அக்கறையில்லாத கூட்டம். திங்கட்கிழமை வந்தால் உட்கார்கிற பலகைகளில் நாலு காலியாக இருக்கும். விசாரித்தால் அடுத்த தெருக் கம்பெனியில் சேர்ந்திருப்பார்கள். அங்கே ரேடியோ வைக்கிறார்கள் என்று போனவள் உண்டு. சண்டை போட்ட நாத்தனாரும் இங்கேயே வேலைக்கு வந்துவிட்டாள் என்று போனவளும் உண்டு. இருக்கிறவர்கள் எண்ணெய்க் கறை பட்ட பனியனைக் கறை உள்ளே போகிற மாதிரி மடித்துப் பெட்டிக்குள் தள்ளிவிடுவார்கள். கல்கத்தா கடைக்காரன் பிரித்துப் பார்த்துத் திட்டிக்கொண்டால் அவன் பாடு.

சபுராக்கா கத்த மாட்டார். கறை பனியனை எடுத்து, மடித்தவள் மடியிலேயே விரித்துப் போட்டு, "இத உங்க ஊட்டுக்காரரு போடுவாரா அம்மிணி?" என்று கேட்பார். அவள் நெளிந்துகொண்டு எடுத்துத் தனியே வைப்பாள். வராதவள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்தே போய்க் கூட்டிக்கொண்டு வருவார். அவிநாசிப் பக்கம்கூடப் போயிருக்கிறார். இவ்வளவும் செய்துவிட்டுச் சனிக்கிழமை முதலாளி முன்னால் போய் நிற்க வேண்டும்.

"என்னம்மா ஆள் வெச்சிருக்கே நீயி? சோறு போடற கம்பெனின்னு ஒருத்திக்காச்சும் நெனப்பிருக்குதா? விசுவாசமே கெடையாது உன்ற கூட்டத்துக்கு."

"பாத்துக்கறனுங்க."

"என்னத்தப் பாத்துக்கறே? உனக்கு ஆள வெச்சு வேல வாங்கத் தெரியல."

அப்படிச் சொன்ன ஒரு சனிக்கிழமை அக்கா என் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "அர்த்தநாரி, நெசமாலுமே எனக்குத் தெரியலியா? என்ன செஞ்சா இவளுக நிப்பாளுக?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு முதலாளி மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பதிலை மயிலாள்தான் சொன்னாள், அதுவும் வேறு பேச்சில். அறுபத்தெட்டாம் வருடம் தீபாவளிச் சரக்கு மலையாகக் குவிந்திருந்த சமயம். மயிலாள் முருக பக்தியுள்ள நெசவுக்காரக் குடும்பத்துப் பெண். அவள் கை மடிக்கிற வேகம் வேறு யாருக்கும் வராது. ஏழு மாதம் முழுகாமல் இருந்தாள். திடீரென்று ஒருநாள், நாளையிலிருந்து வரமாட்டேன் என்றாள். அவள் நின்றால் அவளோடு வருகிற நாலைந்து பேரும் நின்றுவிடுவார்கள்.

"சரக்கு போற வரைக்கும் இரு கண்ணு. குனிஞ்சு தூக்கற வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார் அக்கா.

"எதுக்குங்க்கா இருக்கோணும்? புள்ள பெத்தவளுக்கு எந்தக் கம்பெனில எடம் குடுக்கறாங்க? கைக்கொழந்தக்காரின்னா கேட்டுலயே வெரட்டி உட்டுருவாங்க. இன்னிக்குப் போனாலும் போனதுதான், தீவாளிக்குப் பொறவு போனாலும் போனதுதான். என்னிக்கிருந்தாலும் எனக்கில்லாத கம்பெனிக்கு நான் எதுக்கு இடுப்பொடியோணும்?"

அக்கா அவள் கையைப் பிடித்து எல்லோர் நடுவிலும் முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போனார். "இவ பெத்துப்போட்டு வந்தா இவ எடம் இவளுக்கு வேணுமுங்க. ஒரு வார்த்த சொல்லுங்க, சரக்கு முடியற வரைக்கும் இருப்பா" என்றார்.

முதலாளிக்குச் சரக்கு போக வேண்டிய அவசரம். "அதுக்கென்னம்மா, பெத்துப்போட்டு வரட்டும். அவ எடம் எங்க போயிரப் போவுது?" என்று சிரித்தார்.

அக்கா எல்லாப் பெண்களையும் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்கல்ல? இது என்ற வாக்கு" என்றார். முதலாளி சொன்னதை அவர் தன் வாக்காக எடுத்துக்கொண்டார். அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார்.

சரக்கு போனது. மயிலாள் அம்மா வீட்டுக்குப் போனாள். அவள் உட்கார்கிற பலகை ஜன்னலோரம், வெளிச்சம் விழுகிற இடத்தில் கிடந்தது. யாரையும் அதில் உட்காரவிடாமல் அக்கா சுவரில் சாய்த்து வைத்தார். முதலில் பெண்கள் அதைப் பார்த்துக் கேலி பேசினார்கள். பிறகு காலையில் வந்ததும் ஒருத்தி அதைத் துடைத்து வைக்க ஆரம்பித்தாள். இன்னும் கல்யாணம் ஆகாத சின்னாத்தாள், "எனக்கும் இப்பிடித்தான் வெப்பீங்களாக்கா?" என்று கேட்டாள். "வெக்காம?" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். திங்கட்கிழமை பலகைகள் காலியாக இல்லை. கறையை உள்ளே வைத்து மடிப்பது நின்றது; யாராவது தெரியாமல் மடித்தால் பக்கத்தில் இருப்பவளே இடித்துக் காட்டினாள். அடுத்த தெருவில் ரேடியோ பாடிக்கொண்டேதான் இருந்தது, ஒருத்தியும் போகவில்லை. தனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தால் மனிதர்கள் எப்படி மாறிவிடுகிறார்கள்! முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தீங்களா, நான் கண்டிச்சு வெச்சதுல எப்பிடி ஒழுங்காயிட்டாளுக" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டார். கேட்டுக்கொண்டே தைக்க வேண்டியிருந்தது எனக்கு.

தை பிறந்தது. முதலாளிக்குப் பேரன் பிறந்தான். மறுபடியும் பெயர் மாற்றம் என்றார்கள். போர்டுக்கு மஞ்சள் துணி ஏறியது. காலையில் புளியமரத்தடியில் வரிசை நின்றது; முன்னால் பெண்கள், பின்னால் நாங்கள் டெய்லர்கள். சபுராக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கம் போல முதலில் நின்றார். அந்த நேரத்தில் மயிலாள் வந்தாள். கையில் குழந்தை, கண் நிறைய மை, தலைக்குக் குல்லாய். பெண்கள் எல்லோரும் வரிசையை மறந்து ஓடிப்போய்க் குழந்தையை வாங்கி வாங்கிக் கொஞ்சினார்கள். ரங்காத்தாள், "நல்ல நாளாப் பாத்துத்தாண்டி வந்திருக்கே. உன்ற பலகைய நாந்தான் தொடச்சு வெச்சிருக்கறேன்" என்றாள். அக்கா மயிலாளைத் தனக்கு அடுத்து நிறுத்தினார்.

படியில் பூக்கூடையோடு நின்ற முதலாளி முகம் சுளித்தார்.

"இவ எதுக்கு வந்தா?"

"வேலைக்குத்தானுங்க. சொல்லியிருந்தமுங்களே."

"எந்தக் கம்பெனி வேலைக்கு?"

அக்காவுக்குப் புரியவில்லை. "நம்ம கம்பெனிக்குத்தானுங்க."

"இது இன்னிக்குத் தொறக்கற கம்பெனிம்மா. இதுல அவ ஒரு நாளும் வேல செஞ்சதில்ல. பழைய கம்பெனி நேத்தோட மூடியாச்சு. அங்க பேசினது அங்கயே முடிஞ்சுது. கைக்கொழந்தைய வெச்சுட்டு நேரத்துக்கொருக்கா எந்திரிச்சுப் போறவள வெச்சு நான் என்ன பண்றது? போகச் சொல்லு. நல்ல நேரம் போவுது, நீ வா."

"அப்ப நாங்களுமுங்களா?"

"என்ன நீங்களும்?"

"நாங்களும் இன்னிக்குத்தான் புதுசாச் சேர்றமுங்களா?"

"பின்ன? புதுக் கம்பெனின்னா எல்லாருந்தான் புது ஆளு. அதுக்குத்தான பூவும் கல்கண்டும் குடுத்து வரவேக்கறது?"

இதைச் சொல்லும்போது அந்த மனிதர் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியாது. அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அம்மா பெயர், சாமி பெயர், மகள் பெயர் என்று ஒவ்வொரு முறை மாற்றியபோதும் எங்கள் பழைய வருடங்களைப் புளியமரத்தடியிலேயே உதறிவிட்டுத்தான் உள்ளே விட்டிருக்கிறார்கள். பழைய ஆள் என்று ஒருவன் இருந்தால்தானே அவனுக்கு உரிமை, லீவு, மரியாதை எல்லாம்? எத்தனை வருடம் உழைத்தாலும் அந்தக் கம்பெனியில் ஒருவன்கூடப் பழைய ஆள் ஆகவே முடியாது. என்ன அநியாயம் பாருங்கள்! ஆள்களை மறுபடி மறுபடி புது ஆளாக்கியவர்தான் சனிக்கிழமைதோறும் விசுவாசம் கேட்டார்.

சபுராக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"அப்ப இத்தன வருசமா நாங்க வலது கால வெச்சு வந்தது சாமிக்கில்லீங்களா? உங்க சாமி காரியம்னுதானுங்க நான் செருப்பக் கழட்டிப்போட்டு வந்தேன். சாமிய முன்னால நிறுத்திப்போட்டா எங்களுக்கு இப்பிடிச் செஞ்சீங்க?"

ஐயர் மணியடிப்பதை நிறுத்திவிட்டார்.

"படியில நின்னுட்டு வாயாடாதே. உள்ள வா" என்றார் முதலாளி.

"வரச் சொல்றதுக்கு நான் உங்க ஆளில்லீங்களே. நேத்துக் கம்பெனி நேத்தோட போச்சுன்னா நேத்து ஆளும் போயாச்சுங்க. இன்னிக்கு நான் ரோட்டுல நிக்கற ஆளு. ரோட்டுல நிக்கறவள உள்ள வான்னு வெரட்ட முடியாதுங்க. வேலைக்கு வர்றியான்னு கேக்கோணும். மொதல்ல இந்தப் புள்ளயக் கேளுங்க. பொறவு என்னயக் கேளுங்க."

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. ஒரு கைக்குழந்தைக்காரியைப் பார்த்து வேலைக்கு வருகிறாயா என்று கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். கௌரவம் விடவில்லை.

"போ. தாராளமாப் போ. ஆனா உன்ற பொறவால ஒருத்தி வர்றாளான்னு பாரு. ரேடியோவுக்கே ஓடறவளுக. விசுவாசமில்லாத கூட்டம்னு என்னய உட உனக்குத்தான நல்லாத் தெரியும்?"

அது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். அக்கா இடுப்பு நாடாவை அவிழ்த்து, கம்பெனிக் கத்தரிக்கோலைப் பூக்கூடையில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். மயிலாளிடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மயிலாள் அழுதுகொண்டே பின்னால் போனாள். அக்கா ஒரு முறைகூடத் திரும்பவில்லை. ரோசம் என்று நினைத்தேன். பின்னால் ஒருநாள் அவரே சொன்னார்: "பயம் அர்த்தநாரி. திரும்பிப் பாத்து ஒருத்தியும் இல்லீன்னா அந்த மனுசன் சொன்னது நெசமாயிருமே. அப்பறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நடக்கறது?"

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று ஊர்ந்து ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிப் பெட்டி போய், கேட் மேலே ஏறியது. அப்போதும் அவர் நகரவில்லை. அழுகிறார் என்பது தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

"என்னுங்க்கா நின்னுட்டீங்க? கேட்டுத் தொறந்தாச்சு, நடங்க. வெயிலு ஏறுது" என்றாள் ரங்காத்தாள்.

அக்கா திரும்பினார். ரங்காத்தாளுக்குப் பின்னால் சின்னாத்தாள். அவளுக்குப் பின்னால் மடிப்புப் பிரிவு முழுவதும், வரிசைகூடக் கலையாமல். ரங்காத்தாளின் கக்கத்தில் மயிலாளின் பலகை இருந்தது. படியேறி உள்ளே போய், முதலாளி கண் முன்னாலேயே எடுத்து வந்திருக்கிறாள். கடைசியில் நாங்கள் சில டெய்லர்கள். நான் பெரிய தியாகமெல்லாம் செய்துவிடவில்லை. ஓவர்லாக் ஓட்டத் தெரிந்தவனுக்கு எந்தத் தெருவிலும் வேலை உண்டு. ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அந்தப் படியேற எனக்குக் கால் வரவில்லை.

நல்லூரில் ஞானசம்பந்தம் என்பவர் புதிதாகக் கம்பெனி போட்டு, மடிக்க ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பேர் ஒன்றாக வந்து கேட்டில் நின்றதும் அவருக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம்.

"எல்லாரும் எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்டார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நேற்றைய பெயர் மூடியாயிற்று. இன்றைய பெயர் மஞ்சள் துணிக்குள் இருந்தது, யாரும் பார்க்கவில்லை. புளியமரத்துக் கம்பெனி என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு மயிலாள் முன்னால் வந்தாள்.

"நாங்க சபுராக்கா கம்பெனிங்க" என்றாள்.

ஞானசம்பந்தம் யோசித்துப் பார்த்தார். "அப்பிடியொரு கம்பெனி கேள்விப்பட்டதில்லியே" என்றார்.

"பழைய கம்பெனிதானுங்க" என்றாள் ரங்காத்தாள், பலகையை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டே.

சபுராக்கா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணுங்க. மொதல்ல இந்தக் கைக்கொழந்தக்காரிக்கு எடம் வேணும். அவ உள்ள போனாத்தான் நாங்க வருவோம்" என்றார்.

ஞானசம்பந்தம் குழந்தையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "வேலைக்கு வர்றியாம்மா?" என்று மயிலாளைக் கேட்டார்.

"வர்றனுங்க."

குழந்தையை அக்காவிடமிருந்து வாங்கிக்கொண்டு அவள் படியேறினாள். எந்தக் காலை முதலில் வைத்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.